இருப்பும் அடக்கமும்: தமிழ் வணிகக் கணக்கு மரபில் தொடர் சரக்கிருப்பு

தமிழ் பயில்வோருக்குக் 'கணக்கு' என்னும் சொல் முதலில் நினைவூட்டுவது நூலையே. மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என நூல்தொகைகளைப் பகுத்த மரபு நம்முடையது. 'கணக்காயர்' என்னும் பழஞ்சொல் ஆசிரியரைக் குறித்தது. எண்ணும் எழுத்தும் ஒரே சொல்லுக்குள் அடங்கிய இம்மொழியில், வணிகர் தம் சரக்கையும் பணத்தையும் எவ்வாறு எழுதிவைத்தனர் என்பது இலக்கிய ஆய்வாளரின் எல்லைக்கு அப்பாற்பட்டதன்று. எனினும் பண்டைத் துறைமுகங்கள், வணிகக் குழுக்கள், நாணயங்கள் ஆகியவை குறித்து எழுந்துள்ள ஆய்வுகளோடு ஒப்பிடுகையில், கணக்கெழுது முறையையும் அதன் சொற்களையும் பற்றிய ஆய்வுகள் மிகச் சிலவே.

இக்குறை இன்று நடைமுறைச் சிக்கலாகவும் ஆகியுள்ளது. பெருங்கடைகளும் தொழிலகங்களும் இக்காலத்தில் பின்பற்றுவது தொடர் சரக்கிருப்பு முறை. ஒவ்வொரு கொள்முதலின்போதும் ஒவ்வொரு விற்பனையின்போதும் இருப்புக் கணக்கை உடனுக்குடன் திருத்தும் முறை அது. அதனை இயக்கும் மென்பொருள்கள் பெங்களூரு, சென்னை, புனேயை அடுத்த ஹிஞ்சேவாடி போன்ற இடங்களில் உருவாகின்றன, அல்லது பேணப்படுகின்றன. இப்பணியில் தமிழர் பலர் உள்ளனர். ஆயின் அவர்கள் அன்றாடம் கையாளும் பதிவுகளைத் தமிழில் சொல்ல முற்படும்போது பாடநூற் சொற்களே தடையாகின்றன. 'தொடர் இருப்பு' தமிழ் மரபுக்குப் புதிதா, எந்த அளவிற்குப் புதிது என்னும் வினாவினை இக்கட்டுரை ஆராய்கிறது.

இருமுறைகளும் ஒரு வேட்டியும்

வணிகவியல் பயிலாத வாசகரை முன்னிட்டு முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குதல் இன்றியமையாதது. துணிக்கடை ஒன்று வேட்டி ஒன்று ரூ.200 வீதம் 100 வேட்டிகளைக் கடனுக்கு வாங்குகிறது எனக் கொள்வோம். தொடக்க இருப்பு ஏதுமில்லை. அவற்றுள் 60 வேட்டிகளை ரூ.260 வீதம் விற்கிறது. வாங்கியவர்கள் 2 வேட்டிகளைத் திருப்பித் தருகின்றனர்.

தொடர் முறையில், வாங்கியவுடன் சரக்கிருப்புக் கணக்கில் ரூ.20,000 பற்று எழுதப்படும்; சரக்கைக் கொடுத்தவர் கணக்கில் அதே தொகை வரவாகும். விற்பனைக்கு ஒரு பதிவு போதாது, இரண்டு வேண்டும். முதற்பதிவு விற்றவிலைக்குரியது: வாடிக்கையாளர் கணக்கில் ரூ.15,600 பற்று, விற்பனைக் கணக்கில் ரூ.15,600 வரவு. இரண்டாம் பதிவு அடக்கவிலைக்குரியது: விற்ற சரக்கின் அடக்கவிலைக் கணக்கில் ரூ.12,000 பற்று, சரக்கிருப்புக் கணக்கில் ரூ.12,000 வரவு. திரும்பி வந்த 2 வேட்டிகளுக்கும் இவ்வாறே இரு பதிவுகள் உண்டு. உள்திருப்பம் ரூ.520 என்பது ஒன்று. இருப்பில் மீண்டும் சேரும் அடக்கவிலை ரூ.400 என்பது மற்றொன்று. இப்போது ஏட்டின்படி கடையில் 42 வேட்டிகள், ரூ.8,400 மதிப்பில் இருத்தல் வேண்டும்.

ஆண்டிறுதியில் கடைக்காரர் அலமாரியைத் திறந்து எண்ணுகிறார். 41 வேட்டிகளே உள்ளன. ஒன்றைக் காணவில்லை. அந்த ரூ.200 இருப்பிலிருந்து கழிக்கப்பட்டு அடக்கவிலையோடு சேர்க்கப்படுகிறது. இது சரிக்கட்டுப் பதிவு. அதன்பின் இறுதிப் பதிவுகள்: விற்பனை ரூ.15,600, உள்திருப்பம் ரூ.520, அடக்கவிலை ரூ.11,800 ஆகிய மூன்று கணக்குகளும் முடிக்கப்பட்டு இலாப நட்டக் கணக்கிற்கு மாற்றப்படுகின்றன. மொத்த இலாபம் ரூ.3,280. சரக்கிருப்புக் கணக்கு மட்டும் முடிக்கப்படுவதில்லை. ரூ.8,200 என்னும் இருப்போடு அது அடுத்த ஆண்டிற்குள் நுழைகிறது.

பழைய பாடநூல்கள் முதன்மையாகக் கற்பித்த காலமுறை வேறு. அதில் விற்பனையின்போது இருப்பு தொடப்படுவதில்லை. ஆண்டிறுதியில் எஞ்சிய சரக்கை எண்ணி, கொள்முதல் ரூ.20,000த்திலிருந்து இறுதிச் சரக்கிருப்பு ரூ.8,200ஐக் கழித்து, விற்ற சரக்கின் அடக்கம் ரூ.11,800 என்று பெறுவர். இலாபம் அதே ரூ.3,280. இரு முறைகளும் ஒரே விடையைத் தருவதால் வேறுபாடு எழுத்தரின் உழைப்பளவே என்று மாணவர் எண்ணுவது இயல்பு. காணாமற்போன வேட்டி எங்கே என்று கேட்டால்தான் வேறுபாடு புலப்படும். காலமுறையில் அது விற்ற வேட்டிகளோடு விற்ற வேட்டியாகவே மறைந்துவிட்டது. எண்ணியவருக்கே அப்படியொன்று குறைந்தது தெரியாது. தொடர் முறையில் ஏடு 42 என்கிறது, அலமாரி 41 என்கிறது. இடையில் யாரோ ஒருவர் விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளார். தொடர் இருப்பின் முதற்பயன் இந்த விடை கேட்டல். இதனை மனங்கொண்டு நம் பழைய சான்றுகளை நோக்குதல் தகும்.

எண்ணும் காவல்

பட்டினப்பாலை புகாரின் பண்டசாலையைக் காட்டுமிடத்தில், கடலிலிருந்து நிலத்திற்கும் நிலத்திலிருந்து கடலுக்கும் செல்லும் பொருள்கள் புலிப்பொறி இடப்பெற்றுக் குவிந்துள்ளமையைப் பாடுகிறது. பண்டங்கள் அளந்தறிய இயலாதவை என்கிறார் புலவர். சுங்கம் கொள்வோர் அளக்காமலா பொறி வைத்தனர் என்று நாம் கேட்கலாம். பாட்டுக்கு அளவின்மை வேண்டும். சுங்கத்திற்கு அளவு வேண்டும்.

இதனினும் நம் பொருளுக்கு நெருக்கமானது சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையில் வரும் வெள்ளிடை மன்றம். அங்குக் கிடக்கும் பொதிகளின்மேல் உரியவரின் பெயரும் எண்ணும் கண்ணெழுத்தால் பொறிக்கப்பட்டுள்ளன. வாயிலில்லை, தாழில்லை, காவலரும் இல்லை. திருடுவோர் உளராயின் பொதியை அவர் தலைமேலேற்றிச் சுற்றச் செய்யுமேயன்றிக் கொண்டுபோக விடாது அம்மன்றம் என்கிறார் இளங்கோவடிகள். தெய்வத்தன்மை ஏற்றிக் கூறப்பட்ட இப்பகுதியை மன்றத்தின் பெருமையாகவே உரைப்பது வழக்கம். பெயரும் எண்ணும் எழுதப்பட்ட இடத்தில் தாழும் காவலும் தேவையற்றுப் போகின்றன என்னும் வரிசைமுறை அதன் உள்ளே இருப்பதையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். எழுதப்பட்ட எண் காவலாகிறது என்னும் கருத்து காப்பியப் புலவருக்கு இயல்பாகத் தோன்றியுள்ளது. அதற்காகப் புகாரில் தொடர் சரக்கிருப்பு முறை நிலவியது என்று எழுதுவது நகைப்பிற்குரியதாகும். பொதியின்மேல் எழுதிய எண் அடையாளம். வரவும் போக்கும் பதிந்த ஏடு நமக்குக் கிடைக்கவில்லை.

ஏட்டுக்கு மிக அருகில் வருவன கோயிற் கல்வெட்டுகள். முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் அணிகலன் ஒவ்வொன்றும் தனித்தனியே பதியப்பெற்றுள்ளது. பொன் 'ஆடவல்லான்' என்னும் கல்லாலும், அணிகள் 'தட்சிணமேருவிடங்கன்' என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன. முத்தும் மணியும் எண்ணப்பட்டுள்ளன. அணியில் சேர்ந்துள்ள அரக்கும் சரடும் நிறையில் அடங்குகின்றனவா நீங்குகின்றனவா என்பதும் குறிக்கப்படுகிறது. பின்னாளில் ஒருவர் நிறுத்துப் பார்த்து 'அரக்கின் எடை அது' என்று சொல்லித் தப்ப வழியில்லை. வருங்காலத்தில் எழக்கூடிய வேறுபாட்டை முன்னரே அடைத்துவைக்கும் இந்நுட்பம், கல்லில் வெட்டியவர்கள் கணக்கு எழுதுவோர் என்பதை ஐயமற உணர்த்துகிறது. அக்கோயிலுக்குப் பண்டாரிகளையும் கணக்கர்களையும் ஊர்ச் சபைகள் அளிக்க வேண்டும் என்ற ஏற்பாடும் அங்கேயே பொறிக்கப்பட்டுள்ளது.

கணக்கை முடித்தல் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகத் தெளிவான சான்று உத்தரமேரூரில் உள்ளது. முதலாம் பராந்தகனின் பன்னிரண்டாம், பதினான்காம் ஆட்சியாண்டுகளில் (919, 921) வெட்டப்பட்ட இக்கல்வெட்டுகளைக் குடவோலை முறைக்காகவே நாம் மீண்டும் மீண்டும் எடுத்தாள்கிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்தம் உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்னும் விதி பலரும் அறிந்ததே. பின்னைய கல்வெட்டின் இறுதிப்பகுதியில் கணக்கெழுதுவோர் பற்றி வரும் விதி அவ்வளவு பேசப்படுவதில்லை. நேர்மையாகப் பொருளீட்டியவரே கணக்கெழுத வேண்டும். எழுதிய கணக்கைப் பெருங்குறிப் பெருமக்களிடம் காட்டித் தூயவர் எனத் தெளியும்வரை அவர் மீண்டும் அப்பணிக்கு வருதல் கூடாது. தாம் எழுதிய கணக்கைத் தாமே காட்டுதல் வேண்டும். வேறு கணக்கரைப் புகுத்தி அதனை முடித்தல் கூடாது. இறுதிப் பதிவு என்பதை ஆளோடு பிணைத்த விதி இது. எழுதியவரே முடிக்க வேண்டும் என்பதன் காரணம் வெளிப்படை. கணக்கின் இடைவெளிகளுக்கு விடை தெரிந்தவர் அவர் ஒருவரே.

வணிகக் குழுக்களின் கல்வெட்டுகளில் பிரான்மலைக் கல்வெட்டு குறிப்பிடத்தக்கது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த இதில் உப்பு, நெல், மிளகு, பாக்கு, இரும்பு, சந்தனம் எனப் பல பண்டங்களுக்கும் சுமையளவின்படி கோயிலுக்குச் செலுத்த வேண்டிய மகமை வரையறுக்கப்பட்டுள்ளது. விலையின்மேல் விதிக்காமல் அளவின்மேல் விதித்தது நோக்கத்தக்கது. விலை நாளுக்கு நாள் மாறும். வணிகர் சொல்வதே விலை. பொதியை எவரும் எண்ணிவிடலாம்.

அளவும் விலையும்

மேற்சுட்டிய சான்றுகள் யாவற்றிலும் தொடர்ந்து செல்வது பொருளின் அளவு: இத்தனை கழஞ்சு, இத்தனை முத்து, இத்தனை பொதி, இத்தனை கலம். நெல் அளவையில் எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். இடையில் பதக்கும் தூணியும் உள்ளன. முந்திரி என்னும் 320இல் ஒரு பங்குவரை கீழிறங்கும் பின்ன வாய்பாட்டை எண்சுவடி வழியாகத் திண்ணைப் பள்ளிச் சிறுவர் மனப்பாடம் செய்தனர். காரி நாயனாரின் கணக்கதிகாரம் இவ்வளவைகளின்மேல் எழுந்த நூலே. இவ்வளவு நுண்மையான பின்னங்களைக் கற்றுத் தந்த சமூகம் இருப்பைத் தோராயமாக வைத்திருக்க விரும்பவில்லை என்பது தெளிவு. (களத்தில் நெல் அளப்போர் முதல் மரக்காலை 'ஒன்று' என்னாது 'லாபம்' என்று எண்ணும் வழக்கம் அண்மைக்காலம் வரை இருந்தது. எண்ணத் தொடங்கும்போதே இலாபத்தைச் சொல்லிவிட்டு, அதைக் கணக்கிடுவதைப் பின்னுக்குத் தள்ளிவைத்தனர் போலும்.)

தொடர் சரக்கிருப்பு முறையின் தனித்தன்மை, அளவோடு அடக்கவிலையையும் ஒவ்வொரு விற்பனையிலும் உடன் செலுத்துவதாகும். மேலே கண்ட எடுத்துக்காட்டின் இரண்டாம் பதிவு, அதாவது ரூ.12,000 பதிவு, நம் பழைய கல்வெட்டுகளிலோ சுவடிகளிலோ இதுகாறும் சுட்டப்பெற்றதில்லை. கோயில் தன் அணிகளை விற்பதில்லையாதலின் அதற்கு அப்பதிவு வேண்டியதில்லை. வணிகருக்கு வேண்டும், ஆனால் அவரோ சரக்கு முழுதும் விற்றுத் தீர்ந்தபின் அச்சரக்கின் கணக்கைப் பார்த்தால் இலாபம் தானே தெரிந்துவிடும் என்று இருந்திருக்கலாம். இது நம்மவர்க்கு மட்டும் உரிய நிலையன்று. 1494இல் வெனிசில் வெளிவந்த லூக்கா பாச்சோலியின் நூல் விளக்கும் முறையிலும் ஒவ்வொரு வகைச் சரக்கிற்கும் தனிக் கணக்கு உண்டு. அச்சரக்கு விற்று முடிந்ததும் எஞ்சும் வேறுபாடு இலாபமாகவோ நட்டமாகவோ மாற்றப்படும். ஒரு கப்பற் சரக்கு விற்றுத் தீர்வதும் ஒரு கணக்கு முடிவதும் ஒன்றாக நிகழ்ந்த உலகில், விற்பனைதோறும் அடக்கத்தைக் கழிக்கும் தேவை எழவில்லை. ஆயிரக்கணக்கான பண்டங்கள் ஓயாது வந்துபோகும் கடை தோன்றியபின்னரே அத்தேவை எழுந்தது. அதனை எளிதாக்கியது கோட்டுக் குறியீடும் கணிப்பொறியும். 1974 சூன் 26இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ட்ராய் என்னும் ஊர்க் கடையொன்றில் மெல்லும் கோந்துப் பொட்டலம் ஒன்றே முதன்முதல் கோட்டுக் குறியீட்டால் விற்கப்பட்டது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. இரட்டைப் பதிவு முறை பாச்சோலிக்கு முன்பே இந்தியாவில் இருந்தது என்று 1986இல் 'அபாகஸ்' என்னும் ஆய்விதழில் பி.எம்.லால் நிகம் எழுதினார். மறு ஆண்டே கிறிஸ்டோபர் நோப்ஸ் அதே இதழில் அக்கூற்றுக்குப் போதிய ஆவணச் சான்றில்லை என மறுத்தார். இம்மறுப்பை அறியாமல், நகரத்தார் பேரேடுகளைச் சுட்டி இரட்டைப் பதிவைத் தமிழர் கண்டுபிடிப்பென மேடையில் முழங்குவோர் உளர். கிடைக்கும் நகரத்தார் ஏடுகள் பெரிதும் பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளுக்குரியவை. அவற்றின் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளில் இருந்த கடைகளுக்கு அனுப்பப்பட்ட முகவர் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் பணியாற்றினர். தவணை முடிவில் ஐந்தொகை எடுத்து முதலாளியிடம் கணக்கு ஒப்படைத்தனர். உத்தரமேரூர்ச் சபையின் விதியும் செட்டிநாட்டு முகவரின் ஒப்படைப்பும் தம்முள் தொடர்புடையன என்று காட்டச் சான்றில்லை. ஆயினும் 'கணக்கு முடித்தல்' என்பது ஆண்டு முடிவதைக் காட்டிலும் ஆள் மாறுவதையே குறித்தது என்பதில் இரண்டும் ஒத்துள்ளன.

பற்றும் வரவும்

சொற்களுக்கு வருவோம். வணிகவியல் வகுப்பில் தமிழ்வழி மாணவர் முதல் வாரத்திலேயே எதிர்கொள்ளும் இடர் ஒன்றுண்டு. உள்ளே வரும் பொருளைப் பற்றிலும் வெளியே செல்லும் பொருளை வரவிலும் எழுத வேண்டும் என்பது சொத்துக் கணக்குகளுக்குரிய விதி. 'வரவு' என்றால் வருவது. வெளியே செல்வதை வரவில் எழுது என்றால் தமிழறிந்த மாணவர் திகைக்காமல் என்செய்வார்? மேற்கண்ட எடுத்துக்காட்டில் வேட்டிகள் கடையை விட்டு வெளியேறியபோது சரக்கிருப்புக் கணக்கில் 'வரவு' எழுதினோம். ஆங்கிலவழி மாணவருக்கு இச்சிக்கல் இல்லை; அவருடைய இரு சொற்களும் அவர் காதில் பொருளற்ற குறியீடுகளே. நம் மாணவருக்கோ சொல்லின் பொருள் தெரிந்திருப்பதே இடையூறு.

இம்முரண் தமிழின் குறையன்று, விரிவாக்கத்தால் நேர்ந்தது. மரபான ஏட்டில் பற்றும் வரவும் ஆளைச் சார்ந்தவை. 'முருகனிடம் வரவு' என்றால் முருகன் தந்தது. 'முருகன் பற்று' என்றால் அவன் எடுத்துக்கொண்டது. மளிகைக் கடையின் பற்று வரவு நோட்டில் இவ்வழக்கு இன்றும் வாழ்கிறது. நாள்வழி ஏட்டிலோ வரவு முதலிலும் செலவு அடுத்தும் இருப்பு இறுதியிலும் வரும். அந்த ஏடே ரொக்கக் கணக்காதலின் ரொக்கத்திற்கெனப் பேரேட்டில் தனிப் பக்கம் வேண்டியதில்லை. ஆங்கிலேய முறை புகுந்தபோது ரொக்கமும் சரக்கும் கட்டடமும்கூட ஆள்களைப்போல் பேரேட்டில் பக்கம் பெற்றன. ஆளுக்குரிய சொற்களே அவற்றுக்கும் நீட்டப்பட்டன. சரக்கறையை ஓர் ஆளாகக் கற்பனை செய்தால் முரண் நீங்கும். சரக்கறை வேட்டியை எடுத்துக்கொண்டது: பற்று. சரக்கறை வேட்டியைத் தந்தது: அதனிடமிருந்து நமக்கு வரவு. பாடநூல்கள் இவ்வொரு பத்தியை முன்னுரையில் சேர்த்தால் மாணவரின் திகைப்பு பெரிதும் குறையும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இதற்கு மராட்டியில் தக்க ஒப்புமை உண்டு. வரவை 'ஜமா' என்றும் பற்றை 'நாவே' என்றும் அம்மொழியார் வழங்குவர். 'நாவே' என்பதன் நேர்ப்பொருள் 'பெயரில்' என்பது. இன்னார் பெயரில் எழுதப்பட்டது அவர் தரவேண்டியது. நாட்கணக்கை 'ரோஜ்கீர்த்' என்றும் பேரேட்டை 'கதாவணி' என்றும் எஞ்சிய இருப்பை 'சில்லக்' என்றும் குறிப்பர். தமிழிலும் 'அவர் பேரில் எழுது' என்னும் வழக்கு உண்டன்றோ? பெருமை + ஏடு = பேரேடு என்னும் பண்புத்தொகைப் புணர்ச்சி இலக்கணத்திற்கு முற்றும் பொருந்தும். ஆயினும் ஆள்பேர் வாரியாகப் பக்கம் பிரித்து எழுதிய கணக்கரின் காதில் 'பேர் ஏடு' என்றும் அது ஒலித்திருக்கும் எனக் கருத 'நாவே' இடந்தருகிறது. இதனைச் சொற்பிறப்பாக வலியுறுத்தவில்லை. வழக்கில் படிந்த பொருளாகவே கொள்கிறோம்.

தமிழும் மராட்டியும் கணக்கில் சந்தித்தது தற்செயலன்று. புனே வட்டாரத்துச் சாகீரை ஆண்ட சகாசியின் மகன் வேங்கோசி எனப்படும் ஏகோசி 1676 அளவில் தஞ்சையைக் கைக்கொண்டார். 1855 வரை நீடித்த அம்மரபினரின் அரண்மனைக் கணக்குகள் மோடி எழுத்தில் எழுதப்பட்டன. அவ்வாவணங்களுள் ஒரு பகுதியைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டுள்ளது. கோயில்களுக்கு அரசு அளித்த தொகையைக் குறித்த 'பேரீஜ்', 'தஸ்திக்' ஆகிய சொற்கள் தஞ்சை மாவட்டக் கோயிற் கணக்குகளில் நெடுங்காலம் நிலைத்தன. வசூல், பாக்கி, ரசீது, ஜாபிதா போன்றவை பாரசீக, அரபு மூலங்களிலிருந்து பல வழிகளில் வந்து நம் பேச்சில் கலந்துவிட்டன. இவற்றினிடையே 'இருப்பு' மட்டும் இடம்பெயராமல் நின்றது. 'சில்லக்' அதனை வெல்லவில்லை. இரு என்னும் வினையடியிலிருந்து பிறந்த அச்சொல் பொருள் உள்ளதையும் உள்ள அளவையும் ஒருசேரக் குறிப்பதே இதற்குக் காரணமாகலாம்.

ஹிஞ்சேவாடியும் விதி 56உம்

புனே நகரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் பேசுவா தப்தர் எனப்படும் மோடி ஆவணத் திரள் உள்ளது. அதிலிருந்து கோ.ச.சர்தேசாய் தேர்ந்து பதிப்பித்தவை 1930களின் முற்பகுதியில் 45 தொகுதிகளாக வெளிவந்தன. அந்நகரின் மேற்கே, முள்சி வட்டத்தில் உள்ளது ஹிஞ்சேவாடி. நெல்லும் கரும்பும் விளைந்த அவ்வூரில் மகாராட்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் அமைத்த இராசீவ்காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்கா இன்று இன்போசிஸ், விப்ரோ, டிசிஎஸ், காக்னிசண்ட் முதலிய நிறுவனங்களின் வளாகங்களைக் கொண்டது. நாட்டின் பலபகுதிகளிலிருந்தும் வந்தோரில் தமிழ்ப் பொறியாளரும் பலர். தொலைநாட்டுக் கடைச் சங்கிலிகளின் இருப்பைக் கணிக்கும் நிரல்களைப் பேணுவது இத்தகைய நிறுவனங்களின் வழக்கமான பணிகளுள் ஒன்று. அங்கே விற்பனையின் இரண்டாம் பதிவை எவரும் கையால் எழுதுவதில்லை. கடை முகப்பில் குறியீடு படிக்கப்பட்டதும் அது தானே நிகழ்கிறது. ஆகவே அதனைப் பற்றி எண்ணிப் பார்க்க வேண்டிய கட்டாயமும் குறைந்துவிட்டது. பேசுவாக்களின் எழுத்தர் பதிவைத் தெரிந்து எழுதினார். இன்றைய விற்பனையாளர் பதிவு நிகழ்ந்ததையே அறியார்.

ஆனால் சட்டம் எண்ணச் சொல்கிறது. 2017 சூலை 1இல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியின் விதித்தொகுப்பில் 56ஆம் விதி, இணக்க முறையில் வரி செலுத்துவோர் நீங்கலான பதிவு பெற்ற வணிகர் ஒவ்வொருவரும் சரக்கிருப்புக் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்கிறது. அதில் இருக்க வேண்டியவை: தொடக்க இருப்பு, வந்தது, வழங்கியது, தொலைந்தது, களவு போனது, அழிந்தது, கழித்தெழுதியது, அன்பளிப்பாகவோ மாதிரியாகவோ கொடுத்தது, எஞ்சிய இருப்பு. நம் எடுத்துக்காட்டில் காணாமற்போன வேட்டி இப்பட்டியலில் எந்தத் தலைப்பில் இடம்பெற வேண்டும் என்பதைக் கடைக்காரர் முடிவு செய்தாக வேண்டும். விற்ற வேட்டிகளோடு அதனை மறைத்துவிட இயலாது. நிறுவனங்களைப் பொறுத்தவரை 2023 ஏப்ரல் 1 முதல் மற்றொரு கட்டுப்பாடும் உண்டு. கணக்கு மென்பொருளில் எந்தப் பதிவு எப்போது திருத்தப்பட்டது என்னும் தடம் பதிவாக வேண்டும். அத்தடத்தை நிறுத்திவைக்கவும் கூடாது. பிறர் எழுதிய கணக்கை ஓசையின்றி முடித்துவிடும் வழியை அடைக்க உத்தரமேரூர்ச் சபையார் ஆளைப் பிடித்தனர். இன்றைய விதி பதிவைப் பிடிக்கிறது.

இப்பட்டியலுக்குத் தமிழ்ச் சொற்கள் அமைக்கும்போது பாடநூலார் எல்லாவற்றையும் 'இழப்பு' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடும் போக்குக் காணப்படுகிறது. இது ஏற்புடையதன்று. நெல் உலர்ந்து குறைவது உலர்வு. அளக்கும்போது தரையில் சேர்வது சிந்தல். எலியும் பூச்சியும் தின்பது சேதம். ஆள் எடுத்துப் போவது களவு. களஞ்சியத்தைக் காத்தவர்களுக்கு இந்நான்கும் நான்கு வேறு கேள்விகள். உலர்வுக்குக் களஞ்சியக்காரரைத் தண்டிப்பதில்லை, களவுக்கு விடுவதில்லை. இவை வழக்கில் உள்ள எளிய சொற்களே. கலைச்சொற் குழுக்கள் புதிதாக ஆக்க வேண்டியதில்லை. 'அடக்கவிலை' என்பதும் அவ்வாறே கடைத்தெருவிலிருந்து பாடநூலுக்கு ஏறிய சொல். விற்கும் விலைக்குள்ளே வாங்கிய விலை அடங்கியிருப்பதை அது காட்டுவதுபோல் பிறமொழிச் சொல்லின் பெயர்ப்பு எதுவும் காட்டாது.

செய்ய வேண்டிய பணி ஒன்று காலங்கடந்து வருகிறது. செட்டிநாட்டிலும் கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களிலும் நாடார் பேட்டைகளிலும் குடும்பங்களின் பழைய நாள்வழிகளும் பேரேடுகளும் பரணில் கிடந்தன. வீடுகள் விற்கப்படும்போது அவை எடைக்குப் போகின்றன. வட்டிக்கடை ஏடுகள் பணத்தின் வரலாற்றை எழுதியோரால் ஓரளவு கவனிக்கப்பட்டுள்ளன. சவுளி, மளிகை, கருவாடு, சங்கு, முத்து விற்றோரின் சரக்கு ஏடுகளை அவ்வாறு எவரும் திரட்டி ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. விற்பனைதோறும் அடக்கம் கழித்து எழுதிய ஏடு ஒன்றேனும் கிடைக்குமாயின் மேலே 'அளவும் விலையும்' என்னும் பகுதியில் கூறியதைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். அத்தகைய ஏட்டைப் படிக்க வல்லவர் தமிழ் எண்களையும் பின்னக் குறிகளையும் சுருக்கெழுத்துகளையும் அறிந்திருத்தல் வேண்டும். அப்பயிற்சி வணிகவியல் துறைகளில் இல்லை. சுவடியியல் கற்பிக்கும் தமிழ்த் துறைகளில்தான் உள்ளது.